சீர் வாங்க ஆளில்லாத வீடு

மகளான்னு கேட்டீங்க பாத்தீங்களா, அதே கேள்வியைத்தான்ணே மூணு மாசமா எல்லாரும் எங்கிட்டக் கேக்குறாய்ங்க. மக இல்ல. தங்கச்சி மக. நான் தாய்மாமன். டிரைவருக்குப் பின்னாடி ரெண்டாவது சீட்டுல ஒக்காந்திருக்கிறது என் வீட்டுக்காரி ஜெயக்கொடி. அவ பக்கத்துல இருக்கிற பிள்ளை பேரு சுபிக்‌ஷா. ஏழாவது படிக்குது.

பையை அங்கிட்டுத் தள்ளி வச்சுட்டு நல்லா ஒக்காருங்க. உசிலம்பட்டி போக ஒரு மணி நேரம் ஆகும். கேட்டுட்டீங்க, இனிமே முழுசாக் கேட்டுட்டுத்தான் எறங்கணும். எனக்கு இன்னைக்கு யாருகிட்டயாவது சொல்லியே ஆகணும்.

என் பேரு ஒச்சப்பன். பந்தல் கடை வச்சிருக்கேன். பந்தல், சேரு, பாத்திரம், சவுண்டு செட்டு எல்லாம் வாடகைக்கு. கடை பேரு பஞ்சவர்ணம் பந்தல் சர்வீஸ். பஞ்சவர்ணம்தான் என் தங்கச்சி. கடை ஆரம்பிக்கிறப்ப அவளுக்குப் பதினஞ்சு வயசு, ஆசையா வச்சேன். பெறகு அவ திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போயி, அங்கன ஒருத்தனைக் கட்டிக்கிட்டு வந்து நின்னா. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. அன்னையோட பேச்சு முடிஞ்சுச்சு. அவ சாகுற வரைக்கும் பேசல. அப்பறம் ஏன் போர்டை மாத்தலைன்னு கேக்காதீங்க. பெயிண்டரு என்ன சும்மாவா எழுதிக் குடுப்பான்? நமக்கு வேற சோலி இல்லையா?

இந்தப் பிள்ளைக்குக் காது குத்துனப்ப பத்திரிகை வந்துச்சு. தாய்மாமன் மடியில ஒக்கார வச்சுத்தான் குத்தணும், உங்களுக்குத் தெரியாததா. நான் போகல. யாரு மடியில ஒக்கார வச்சாய்ங்கன்னு எனக்குத் தெரியாது. அது வேற கதை, விடுங்க.

ரெண்டு வருசத்துக்கு முந்தி மஞ்சக்காமாலையில செத்துப்போனா. போனேன். பெறந்த வீட்டுக் கோடித்துணி போடணும்ல? போட்டேன். முறையில ஒரு கொறை வைக்கல நான். போட்டுட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வந்துட்டேன். பிள்ளை எங்கன நின்னுச்சுன்னு கவனிக்கல. கூட்டமா இருந்துச்சு.

அவ புருசன் ஒரு வருசம் பிள்ளையை வச்சிருந்தான். ஒருநாள் கோயமுத்தூருல வேலைன்னு சட்டையை மாட்டிக்கிட்டுப் போனவன், போனவன்தான். பிள்ளை வாசல்லயே ஒக்காந்திருந்திருக்கு. வாடகை வீட்டுக்காரம்மா நாலு நாள் சோறு போட்டுட்டுப் போலீசுக்குச் சொல்லிட்டா. அவய்ங்க கொண்டுபோயி அரசாங்க இல்லத்துல விட்டுட்டாய்ங்க. உனக்கு யாரு இருக்கான்னு கேட்டதுக்கு இவ என்ன சொன்னா தெரியுமா? உசிலம்பட்டியில எங்க மாமா கடை இருக்கு, கடைக்கு எங்கம்மா பேருன்னு சொல்லியிருக்கா. ஊரையும் பாத்ததில்ல, கடையையும் பாத்ததில்ல. ஆத்தாக்காரி சொல்லி வச்சிருக்கா. அதைப் பிடிச்சே என்னையக் கண்டுபிடிச்சுட்டாய்ங்க.

நான் போயி நின்னேன். தாய்மாமன் வந்திருக்கேன், பிள்ளையை அனுப்புங்கன்னேன். அனுப்ப மாட்டாய்ங்களாம். ‘பிள்ளை இப்ப அரசாங்கப் பொறுப்புல இருக்குதுங்க, குழந்தைகள் நலக் கமிட்டிதான் முடிவு பண்ணணும்’னாரு ஒருத்தரு. என் தங்கச்சி மகளை எங்கிட்டக் குடுக்க ஒரு கமிட்டி! அவய்ங்க மதுரைக்கு மாத்தி, பேப்பரெல்லாம் பாத்து, மூணு மாசம் மாமன் வீட்டுல இருக்கட்டும், பெறகு பாப்போம்னு உத்தரவு போட்டாய்ங்க. ஒரு பிளாஸ்டிக் கவர்ல ரெண்டு செட்டுத் துணியோட வந்தா. பேனுக்காகத் தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்துச்சு. ஜெயக்கொடி வாசல்லயே பிடிச்சு அணைச்சுக்கிட்டா. எங்களுக்குப் பிள்ளை இல்லண்ணே. அதையும் சொல்லிடுறேன், பின்னாடி நீங்களாக் கேக்கக் கூடாது.

இதுக்கப்பறம்தான் ஜெசிந்தா மேடம் வருது. அந்தக் கமிட்டி ஆபீஸ்ல வேலை பாக்குற பிள்ளை. ஸ்கூட்டியில வரும், வீட்டைச் சுத்திப் பாக்கும், கக்கூஸ் கதவுக்குத் தாப்பா இருக்கான்னு பாக்கும், எழுதிக்கும். நல்ல பிள்ளைதான், கெட்ட பிள்ளைன்னு சொல்ல மாட்டேன். ஒருநாள் ஒரு பாரத்தை நீட்டுச்சு.

“அண்ணா, பிள்ளை படிப்புக்கும் சாப்பாட்டுக்கும் அரசாங்கம் மாசம் நாலாயிரம் குடுக்கும். வளர்ப்புத் தந்தைன்னு இருக்குதுல்ல, அதுக்கு நேரா கையெழுத்துப் போடுங்க. இல்லைன்னா…”

“எடும்மா அதை”ன்னேன்.

“ஏண்ணா?”

“யாருக்கு யாரு தந்தை? நான் இவளுக்குத் தகப்பன்னா என் தங்கச்சிக்கு நான் யாரு? வாயில வருதா பாரு! மச்சான் ஒக்கார வேண்டிய எடத்துல என்னையக் கொண்டுபோயி ஒக்கார வைக்கிறியே, உங்க ஆபீஸ்ல முறை தெரிஞ்ச ஆளு ஒருத்தரும் இல்லையா?”

அந்தப் பிள்ளைக்கு மொகம் சிவந்துபோச்சு. “ஐயோ, அப்படி இல்லண்ணா, அது சும்மா பேப்பர்ல…”

“பேப்பர்ல எழுதுறதுதான்ம்மா நிக்கும். இன்னொன்னும் கேட்டுக்க. தாய்மாமன் செய்யிறவன். தங்கச்சி பிள்ளையை வளக்க எவன்கிட்டயும் மாசச் சம்பளம் வாங்குறவன் இல்ல.”

“அண்ணா, அதுக்கு இன்னொரு…”

“இன்னொன்னும் வேணாம். டீயைக் குடி, ஆறுது.”

அதுக்கப்பறம் ரெண்டு வாட்டி வந்துச்சு. ரெண்டு வாட்டியும் அதே பாரம். கடைசி வாட்டி பட்டுன்னு சொல்லிட்டுப் போயிருச்சு. “அண்ணா, மூணு மாசம் முடியிறதுக்குள்ள கையெழுத்து இல்லைன்னா பிள்ளை திரும்ப இல்லத்துக்குத்தான் போகணும். எங்க கையில இல்ல.”

அன்னைக்கு ஜெயக்கொடி போட்ட போடு இருக்கே! “ஊருக்கெல்லாம் முறை பேசிப் பேசி, கடைசியில பிள்ளையைத் தூக்கிக் குடுத்துட்டு வந்து நிக்கப் போறீங்களா? அந்த மேடம் என்னமோ வேற வழி இருக்குங்குது, காதுல வாங்குனாத்தான?”

“வழியும் வேணாம் வாய்க்காலும் வேணாம். எவன் வந்து என் வீட்டுலருந்து பிள்ளையைக் கூட்டிட்டுப் போறான்னு பாக்குறேன்”னேன்.

சொல்லிட்டேன். சொல்லிட்டுக் கடைக்குப் போயி, கழுவுன அண்டாவையே மறுபடியும் கழுவிக்கிட்டிருந்தேன்னு கடைப் பையன் சொல்லிச் சிரிச்சான். அழுக்கா இருந்துச்சு, கழுவுனேன்.

நடுவுல பிள்ளைக்குக் காய்ச்சல். நூத்தி மூணு. கண்ணைத் தொறக்காம அம்மா, அம்மான்னு பெனாத்துது. ஜெயக்கொடி மடியில தலையை வச்சுக்கிட்டு, “சொல்லுடா, அம்மா இங்கதான் இருக்கேன்”ங்குறா. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். “அத்தைன்னு சொல்லிக் குடு. இன்னைக்கு அம்மாம்பா, நாளைக்கு என்னைய அப்பாம்பா”ன்னேன். ஜெயக்கொடி ரெண்டு நாளு எங்கூடப் பேசவே இல்லண்ணே. சோத்தை வச்சுட்டு அங்கிட்டுப் போயிருவா. நான் என்ன தப்பாச் சொன்னேன்? முறையைத்தான சொன்னேன்? பொம்பளைங்க கோவம் எதுக்கு வருதுன்னு இருவத்திரண்டு வருசத்துல ஒருநாளும் எனக்கு வெளங்குனதில்ல.

இப்படி இருக்கையில மாசி மாசம், பள்ளிக்கூடத்துலருந்து டீச்சர் போன் பண்ணுறாங்க. பிள்ளை வயசுக்கு வந்துட்டா.

எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. கடையைப் பூட்டிட்டு ஓடுனேன். நானே பனையேறி ஓலை வெட்டல, அதுக்கு ஆளு வச்சேன், பொய் சொல்லக் கூடாது. ஆனா குச்சு நான்தான் கட்டுனேன். பச்சை ஓலைக் குச்சு. தாய்மாமன் கட்டணும். கொல்லையில கட்டி, பிள்ளையை ஒக்கார வச்சுட்டு, பதினோராம் நாள் சடங்குன்னு சொல்லிட்டேன். கமிட்டி கூடுறதுக்கு நாலு நாளு முந்தி வருது. வரட்டும்னேன்.

இங்கனதான்ணே சிக்கல். ஊருல எவன் வீட்டுச் சடங்குக்கும் நான்தான் பந்தல் போடுறேன். எத்தனை சீரு பாத்திருப்பேன்! தாய்மாமன் வெளியிலருந்து மேளத்தோட வரணும். பொண்ணு வீட்டு வாசல்ல பொண்ணு வீட்டாளு ஆலாத்தித் தட்டோட நிக்கணும். வாங்கன்னு சொல்லணும். சொன்னாத்தான் உள்ள போகணும். இங்க பொண்ணு இருக்கிறதே என் வீட்டுல. நான் எங்கிட்டிருந்து வர்றது? எவன் என்னைய வாங்கன்னு சொல்றது?

டீக்கடையில ஒருத்தன் கேட்டான், “என்ன ஒச்சு, உன் வீட்டுச் சீரை உன் வீட்டுக்கே தூக்கிட்டுப் போகப் போறியாமே?”ன்னு. சுத்தி நின்ன அம்புட்டுப் பேரும் சிரிச்சாய்ங்க. “ஆமாடா, தூக்கிட்டுத்தான் போகப் போறேன். நீயும் வந்து ஒரு தட்டைத் தூக்கு”ன்னேன்.

தூக்குனேன். கடைதான் தாய்மாமன் வீடு, வீடு பொண்ணு வீடுன்னு பிரிச்சுட்டேன். முப்பத்தியொரு தட்டு. பட்டு, பழம், வளையல், அவளுக்குப் பிடிச்ச பால்கோவா, பள்ளிக்கூடத்துக்கு ஒரு சைக்கிள், அதுக்கு மாலை வேற. மேளம் முன்னாடி, நான் மாலையோட நடுவுல, ஜெயக்கொடி முதல் தட்டோட என் பக்கத்துல. கடைவீதி பூராச் சுத்தி வந்தோம். வேடிக்கை பாத்தவன் பாக்கட்டும். எந்தச் சீருக்கும் போடாத பெரிய ஸ்பீக்கர் பாக்ஸு ரெண்டை அன்னைக்குத்தான் வெளியில எடுத்தேன்.

வீட்டு வாசல்ல வந்து நின்னா, ஆளே இல்ல. எப்படி இருக்கும்? வீட்டுல இருந்தவய்ங்க எல்லாம் என் கூடல்ல வந்துட்டாய்ங்க! உள்ள பிள்ளை மட்டும் பட்டுப் பாவாடை கட்டி நாற்காலியில ஒக்காந்திருக்கா. பந்தலுக்குள்ள அவ ஒருத்திதான். மேளக்காரன் அடிச்சுக்கிட்டே இருக்கான். நான் நிக்கிறேன்.

“உள்ள போங்க, பிள்ளை எம்புட்டு நேரம் தனியா ஒக்காந்திருக்கும்”ங்குறா ஜெயக்கொடி.

“கூப்பிடாம எப்படிப் போறது?”

“உங்க வீடுங்க இது!”

“இன்னைக்கு இல்ல.”

பக்கத்து வீட்டு அக்கா தட்டைக் கீழ வச்சுட்டு, நான் வேணா ஆலாத்தி எடுக்கட்டுமாடான்னு கேட்டுச்சு. “நீ என் சீருல வந்தவ, நீ எப்படிக்கா அந்தப் பக்கம் நிக்க முடியும்? பேசாம இரு”ன்னுட்டேன். வெயிலு மண்டையைப் பொளக்குது. கூட்டத்துல சிரிப்பு ஆரம்பிச்சிருச்சு. என் தங்கச்சி நின்னிருக்க வேண்டிய வாசல்ணே அது. நான் பேசியிருந்தா… விடுங்க.

அந்த நேரம் பாத்து ஸ்கூட்டி வருது. ஜெசிந்தா மேடம். கமிட்டிக்கு முன்னாடி கடைசியா ஒரு வாட்டி வீட்டைப் பாத்து எழுதணும்னு வந்திருக்கு. தோள்ல பையி, கக்கத்துல பைலு. கூட்டத்தைப் பாத்து மெரண்டுபோயி நிக்குது.

“மேடம், இங்க வாங்க”ன்னேன். மைக்குக்காரன் பயந்துக்கிட்டுப் பாட்டை நிப்பாட்டிட்டான்.

“என்னண்ணா, ஏதும் பிரச்சினையா?”

“இந்தப் பிள்ளை யாரு பொறுப்புல இருக்குன்னு உங்க பேப்பர்ல போட்டிருக்கு?”

“கமிட்டி… அரசாங்கப் பொறுப்புலண்ணா.”

“அரசாங்கத்துலருந்து இங்க வந்திருக்கிற ஆளு யாரு?”

“நான்தான்.”

“அப்ப பொண்ணு வீட்டாளு நீங்கதான். செருப்பைக் கழட்டிட்டு உள்ள போயி, ஆலாத்தித் தட்டு சாமி ரூம்ல இருக்கு, எடுத்துட்டு வந்து இந்த வாசல்ல நில்லுங்க. தாய்மாமன் சீரோட வந்து கால் மணி நேரமா வெயில்ல நிக்கிறேன். இதுதான் உங்க மரியாதையா?”

அந்தப் பிள்ளை என்னையப் பாத்துச்சு, ஜெயக்கொடியைப் பாத்துச்சு. முடியாதுன்னு சொல்லும்னுதான் நெனச்சேன். செருப்பைக் கழட்டிருச்சுண்ணே. உள்ள போயி, சுபிகிட்டக் கேட்டு, தட்டை எடுத்துட்டு வந்து நின்னுச்சு. பைலை எங்கன வைக்கிறதுன்னு தெரியாம கக்கத்துலயே இடுக்கிக்கிட்டு ஆலாத்தி சுத்துது. சுத்திட்டு, “வாங்கண்ணா, உள்ள வாங்க”ன்னுச்சு. குலவை பாருங்க! தெருவே அதிர்ந்துச்சு. சிரிச்ச பயலுக எல்லாம் வாயை மூடிட்டாய்ங்க. நான் உள்ள போயி பிள்ளைக்கு மாலை போட்டேன். அரசாங்கத்தையே வாசல்ல நிக்க வச்சுச் சீர் குடுத்த தாய்மாமன் இந்த ஜில்லாவுல நான் ஒருத்தன்தான். எவனாவது இருந்தா வரச் சொல்லுங்க.

இன்னைக்குத்தான்ணே கமிட்டி. அங்கருந்துதான் வர்றோம்.

மூணு பேரு ஒக்காந்திருந்தாங்க. நடுவுல ஒரு வெள்ளைமுடி அம்மா, அவங்கதான் தலைவி. ஜெசிந்தா எழுதுனதைப் படிச்சாங்க. முப்பத்தியொரு தட்டையும் எழுதியிருந்துச்சு அந்தப் பிள்ளை. படிச்சுட்டுக் கண்ணாடியைக் கழட்டி என்னையப் பாத்தாங்க.

“இவ்வளவு செய்யிறீங்க. அந்த ஒரு கையெழுத்தைப் போட்டா என்ன?”

“உசிரே போனாலும் வளர்ப்புத் தந்தைன்னு போட மாட்டேம்மா. நான் தாய்மாமன்.”

“போடலைன்னா பிள்ளையை எப்படி உங்க வீட்டுக்கு அனுப்புறது?”

ஜெயக்கொடி என் சட்டையைப் பிடிச்சு இழுக்குறா. போட்டுருங்க, போட்டுருங்கன்னு. நெசமாச் சொல்றேன், பேனாவைக் கையில எடுத்துட்டேன். பஞ்சவர்ணம் மன்னிச்சுக்கிடுவான்னு நெனச்சு எடுத்துட்டேன்.

அந்தம்மா பிள்ளையைப் பக்கத்துல கூப்பிட்டாங்க. “இவரு உனக்கு யாரும்மா?”

“மாமா.”

“அப்பா மாதிரித்தான பாத்துக்கிறாரு? அப்பான்னு எழுதிக்கலாமா?”

இவ என் கையில இருந்த பேனாவைப் பாத்துட்டாண்ணே. ஓடியாந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டா. “வேணாம் மேடம். அப்பான்னு எழுதாதீங்க”ன்னு அழுகுறா. “அப்பான்னு எழுதுனா இவரும் போயிருவாரு.”

பாத்தீங்களா! முறையை எப்படிப் பிடிச்சுக்கிட்டா! நான் சொல்லிக் குடுக்கவே இல்ல, ரத்தத்துல வருது. எனக்குன்னா பெருமை தாங்கல. ஆனா ஜெயக்கொடி கேவிக் கேவி அழுகுறா. ஜெசிந்தா மூக்கை உறிஞ்சுது. அந்த வெள்ளைமுடி அம்மா கண்ணாடியைத் தொடைக்கிறாங்க, தொடைக்கிறாங்க, தொடைச்சுக்கிட்டே இருக்காங்க. என்னத்துக்கு எல்லாரும் அழணும்? பிள்ளை முறையாத்தான பேசுச்சு?

பெறகு அந்தம்மா சொல்றாங்க, “வளர்ப்புத் தந்தைன்னுதான் போடணும்னு இல்லையே. உறவினர்னே ஒரு பாரம் இருக்கு. உறவுமுறை என்னவோ அதை எழுதிக்கலாம். இதை ஏன் இவருகிட்டச் சொல்லல?”

“முதல் நாளே சொல்ல வந்தேன் மேடம். மூணு வாட்டியும் அண்ணன் என்னைய முடிக்க விடல. வீட்டம்மாகிட்டச் சொன்னேன்”ங்குது ஜெசிந்தா. ஜெயக்கொடி, நான் சொன்னா மட்டும் கேட்டாரான்னு என்னையப் பாக்குறா. இருக்கும்ணே. அந்தப் பிள்ளை கொஞ்சம் மெதுவாப் பேசும்.

எழுதுனேன். தாய்மாமன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிள்ளை இனி எங்க வீட்டுலதான். பணம்? அது சுபி பேருல பேங்குல விழும், ஜெயக்கொடி எடுத்துச் செலவு பண்ணுவா. அவளுக்கு அரசாங்கம் தகப்பன், தகப்பன் மகளுக்குப் போடுறான். நான் எதுக்கு நடுவுல? ஒரு பய கேக்க முடியாது.

செக்கானூரணி தாண்டியாச்சா?

அந்தா பாருங்க, திரும்பிப் பாக்குறா. பஸ் ஏறுனதுலருந்து இப்படித்தான், நிமிசத்துக்கு ஒரு வாட்டி திரும்புறா. கடலை முட்டாய் வாங்கிக் குடுத்தேன், அதுவும் வேணாமாம். ஆள் ஏறி மறைச்சா எந்திரிச்சு நின்னு தேடுறா. என்னத்தைத் தேடுறாளோ. நான் கையைத் தூக்கிக் காட்டுனாத்தான் ஒக்காருறா.

எங்கண்ணே போகப் போறேன் நான்?

கொஞ்சம் அந்தப் பக்கம் சாஞ்சுக்கங்கண்ணே, உங்க தலை மறைக்குது. பிள்ளைக்கு நான் தெரியணும்.